மரத்தைப் பார்க்கப் போனதை ஏன் மறைத்தேன்?

மதிப்பிற்குரிய மேடம்,

என் பிரச்சினையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கணவருக்குத் தெரியாமல் ஒரு மரத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பதினெட்டு நாள். இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து வீட்டில் ஒரு மாதிரியாக இருக்கிறது.

எனக்கு வயது 38. ஏழு வருடமாக டோக்கியோவில், எதோகாவா வார்டில் நிஷி கசாய் என்ற பகுதியில் இருக்கிறோம். இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள இடம். கறிவேப்பிலைக்கும் பருப்புக்கும் அலைய வேண்டியதில்லை. கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மகளுக்குப் பத்து வயது. நான் சென்னையில் உள்ள ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். ஜப்பான் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் என்பதால், அங்கே பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கும்போது இங்கே மதியம் ஒன்றரை. காலை எட்டரைக்கு இருவரும் கிளம்பிப் போனால் அதுவரை வீடு முழுக்க எனக்குத்தான். அந்த ஐந்து மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறந்ததிலிருந்தே நான் வீட்டுப் பிராணி. மன்னார்குடியில் ஹரித்ரா நதித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தாத்தா வீடு. திண்ணையில் தூணில் சாய்ந்துகொண்டு ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். தெருவில் சாமி புறப்பாடு வந்தால்கூட எழுந்து வாசலுக்குப் போக மாட்டேன். "சாமியே வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போகணும் இவளுக்கு" என்று பாட்டி சொல்வாள். பள்ளிச் சுற்றுலா என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். பொய்க் காய்ச்சல் இல்லை, தெர்மாமீட்டரில் ஏறும்.

என் கணவர் நேர் எதிர். ஜப்பானுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்திலேயே நான்கு குடும்பமாகச் சேர்ந்து நிக்கோவுக்குக் கிளம்பினோம். காலை ஆறு மணிக்கு ரயில். அதற்காக நான் நாலு மணிக்கு எழுந்து பதினான்கு பேருக்கு எலுமிச்சை சாதம். சூசென்ஜி ஏரிக்கு ஏறும் மலைப்பாதைக்கு இரோஹாசாகா என்று பெயர். ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி, இரண்டும் சேர்த்து 48 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைக்கு ஜப்பானே அந்த மலையில் ஏறிக்கொண்டிருந்தது போல இருந்தது. பஸ் நகரவில்லை. மகள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். கேகோன் அருவியை ஐந்து நிமிடம் பார்த்திருப்போம், அதில் நான்கு நிமிடம் குரூப் போட்டோ. சுற்றிலும் மலை முழுக்கச் சிவப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் பையும் ஈரத் துணியும்தான்.

அதற்கப்புறம் அவர் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன். தாகாவோ மலைக்குக் கூப்பிட்டார், தலைவலி. கியோட்டோவுக்குக் கூப்பிட்டார், மாதக் கடைசி கணக்கு. ஒரு கட்டத்தில் அவரும் மகளும் மட்டும் போக ஆரம்பித்தார்கள். மாமியார் போனில், "ஜப்பான் போயும் வீட்டுல அடை காக்கறா" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் குப்பையைத் தவறாகப் பிரித்து வைத்துவிட்டேன். எரிகிற குப்பையில் எதையோ கலந்திருக்கிறேன். எடுக்காமல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அடுக்ககத்தில் இருந்த ஒரு அம்மாள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு என் கதவுக்கே வந்து, மிக மரியாதையாக, ஐந்து நிமிடம் ஏதோ விளக்கினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். அவர் போன பிறகு குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். இன்றைக்கும் கீழே குப்பை வைக்கப் போகுமுன் கதவுத் துளையில் பார்த்து, ஆள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் போகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

சரி, மரத்துக்கு வருகிறேன். நவம்பர் நடுவில் ஒரு நாள் மகள் உடற்பயிற்சி உடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மழை தூறியதால் வேறு சந்தில் திரும்பினேன். அங்கே ஒரு சின்ன ஷிண்டோ கோவில், நம் ஊர்த் தெருமுனைப் பிள்ளையார் கோவில் அளவுதான். அதன் மூலையில் ஒரு கின்கோ மரம், ஜப்பானியர் இச்சோ என்பார்கள். மழை நின்று வெயில் வந்த நேரம். மரம் முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் எப்படிச் சொல்வது... பொங்கலுக்கு அரைத்த மஞ்சளை யாரோ வானத்தில் பூசிய மாதிரி. கீழே தரையும் மஞ்சள். குடையை மடக்காமல் நின்றேன். வீட்டுக்கு வந்து மணி பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். பதினோரு மணிக்குப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டு வருவேன். போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. ஒரு வயதான அம்மாள் தினமும் இலை பெருக்குவார். நாலாவது நாள் என்னைப் பார்த்து, "கிரேய் தெஸ் நே" என்றார். அழகாக இருக்கிறது, இல்லையா என்று அர்த்தம். நான், "நே" என்றேன். ஏழு வருடத்தில் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் தவிர்த்து, எந்தக் காரியமும் இல்லாமல் ஒரு ஜப்பானியரோடு நான் பேசிய முதல் பேச்சு அது. ஒரே எழுத்து! வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. சொன்னால், "அட, அப்ப ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போலாம்" என்பார். வாட்ஸாப் குரூப்பில் வரும். எலுமிச்சை சாதம் வரும். இது எனக்கு மட்டும் சொந்தமான ஒன்று, பங்கு போட்டால் குறைந்துவிடும் என்று தோன்றியது.

காட்டிக்கொடுத்தது நாற்றம். பெண் கின்கோ மரத்தில் காய் உண்டு. பழுத்து விழுந்து மிதிபட்டால் எப்படி நாறும் என்பதை நாகரிகமாக எழுத முடியாது. குழந்தை வாந்தி எடுத்த வாடை. அது என் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கணவர் அன்று சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் செருப்பு கழற்றும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன இது?" என்றார். போதாததற்கு அந்த அம்மாள் கொடுத்த கொட்டைகள் வேறு ஒரு பையில். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. செருப்பைக் கழுவிக் காய வைத்துவிட்டு வந்து, "ஏழு வருஷமா நான் கூப்பிட்டேன். வரலை. மரம் கூப்பிட்டதும் போயிருக்கே" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில்.

இன்று டிசம்பர் 6. நேற்று ராத்திரி காற்று. காலையில் போய்ப் பார்த்தால் மரத்தில் இலையே இல்லை. வெறும் குச்சி. மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது.

ஹிகிகோமோரி என்று இந்த ஊரில் சொல்கிறார்களே, வருடக்கணக்கில் அறையை விட்டு வராதவர்கள், ஏழு வருடமாக நான் அப்படித்தான் இருந்தேனா? எனக்குத் தெரியாமலே மனச்சோர்வா? இந்த நவம்பரில் நான் மாறிவிட்டேனா, இல்லை இது வெறும் பதினெட்டு நாள் கூத்தா? இலை போன பிறகு பழையபடி கதவுத் துளையில் பார்த்துக்கொண்டு நிற்பேனோ என்று பயமாக இருக்கிறது. அவரிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை.

பெயர் வேண்டாம்,
நிஷி கசாய், டோக்கியோ

*

அன்புள்ள சகோதரிக்கு,

சிரித்தேன். செருப்பு நாற்றம் வந்த இடத்தில் சத்தமாகவே. ஆனால் உங்கள் கணவர் அந்தச் செருப்பைக் கழுவிக் காய வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடலாம். ஹிகிகோமோரி எத்தனை பேர் என்று எண்ணிய ஜப்பான் அரசின் ஆய்வுக்கு ஒரு அளவுகோல் இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல், ஏறக்குறைய வீட்டை விட்டே வெளிவராமல், சமூகத்தோடு தொடர்பு அறுந்து போயிருப்பவர்களைத்தான் அதில் அப்படிக் கணக்கிட்டார்கள். 2023இல் ஜப்பான் அரசு வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டில், 15 முதல் 64 வயது வரை சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர். மிகுந்த வேதனையோடு வாழும் மனிதர்கள் அவர்கள். நீங்கள் வேலை பார்க்கிறீர்கள், சம்பாதிக்கிறீர்கள், மகளின் பள்ளிக்கு ஓடுகிறீர்கள், பதினான்கு பேருக்கு எலுமிச்சை சாதம் கிளறியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை எடுத்து உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளாதீர்கள். குப்பைப் பையில் ஒட்டிய ஸ்டிக்கரே போதும்.

மனச்சோர்வு பற்றிக் கேட்டீர்கள். ஒரு கடிதத்தை வைத்து இல்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மனச்சோர்வில் இருப்பவர் தனது காலை நேரத்தை, "யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று எழுத மாட்டார். அவருக்கு அந்த ஐந்து மணி நேரம் பாரமாக இருக்கும். உங்களுக்கு அது பண்டம். வீட்டில் இருப்பது உங்களுக்குப் பிடிக்கிறது. அது ஒரு சுபாவம். இதற்கு மருந்தும் கிடையாது, தேவையும் கிடையாது.

அப்படியென்றால் எல்லாம் சரியா? இல்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு பெண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஒருத்தி திண்ணையில் தூணில் சாய்ந்து படித்துக்கொண்டிருப்பவள். இன்னொருத்தி கதவுத் துளையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நிற்பவள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் "வெளியே வராதவர்கள்"தான். உள்ளே நிலைமை வேறு. முதலாமவளுக்கு உள்ளே இருப்பதில் சுகம். இரண்டாமவளுக்கு வெளியே போகாமல் தப்பித்ததில் நிம்மதி. எது எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. போகாமல் இருந்த பிறகு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். "இன்னும் நாலு பக்கம் படிக்கலாம்" என்று தோன்றினால் அது திண்ணைக்காரி. "அப்பாடா, தப்பித்தோம்" என்று நெஞ்சு படபடப்பு அடங்கினால் அது மற்றவள். இந்த "அப்பாடா" கொஞ்சம் ஆபத்தான சரக்கு. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் மனசு, தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பயம் கொஞ்சம் வளர்ந்திருக்கும். குப்பைப் பை சம்பவம் நடந்து ஏழு வருடம் ஆகியும் துளையில் பார்ப்பது நிற்கவில்லை என்றால் காரணம் அதுதான். அந்த அம்மாள் திரும்ப வந்து ஒன்றும் செய்யவில்லை, பயத்துக்கு நீங்கள்தான் தினமும் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. எல்லோரும் ஏதாவது ஒன்றுக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

திண்ணையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச ஆசை. திண்ணை வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? நீங்கள் அதை உள்ளே என்ற கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். தெருவில் போகிறவர் வழிப்போக்கராக உட்கார்ந்து இளைப்பாறுகிற இடம் அது, எப்படி உள்ளே ஆகும்? பழைய ஜப்பானிய வீடுகளில் எங்காவா என்று ஒன்று உண்டு. அறைக்கும் தோட்டத்துக்கும் நடுவில், கூரைக்குக் கீழே ஓடும் மரப்பலகை நடை. காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து தோட்டத்தைப் பார்க்கலாம். நம் திண்ணைக்குத் தூரத்துச் சொந்தம் என்றே எனக்குத் தோன்றும், திண்ணை தெருவைப் பார்க்கும், அது தோட்டத்தைப் பார்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஒரே ஒரு முறை ஜப்பானுக்கு வந்திருக்கிறேன், ஒரு கருத்தரங்குக்காக. கியோட்டோவின் வடக்கே கென்கோ-ஆன் என்ற கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே ஒரு அறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சன்னல்கள். வட்டமானதற்கு ஞானச் சன்னல் என்று பெயர், சதுரமானதற்கு மயக்கச் சன்னல். இரண்டிலும் தெரிவது ஒரே தோட்டம், ஒரே மேப்பிள். அங்கே ஒருவரும் தோட்டத்துக்குள் இறங்கவில்லை. பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷிமானே மாகாணத்தில் அதாச்சி கலைக்கூடம் என்று ஒன்று, 1970இல் தொடங்கியது. அதன் தோட்டத்தை 2003 முதல் ஒரு அமெரிக்கத் தோட்ட இதழ் ஒவ்வொரு ஆண்டும் ஜப்பானில் முதலிடம் என்று வரிசைப்படுத்தி வருகிறது. அந்தத் தோட்டத்துக்குள் யாரும் நடக்க முடியாது. கட்டடத்துக்குள் இருந்தபடி கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். ஒரு சன்னலைச் சுவரில் மாட்டிய ஓவியம் போலவே சட்டம் வைத்து அமைத்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து வெளியைப் பார்ப்பதை ஒரு கலையாகவே வளர்த்த நாட்டில் இருந்துகொண்டு, அடை காக்கிறேன் என்று நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம், சண்டை வரும். நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

ஆக நிக்கோவில் உங்களுக்குப் பிடிக்காமல் போனது வெளி என்று நான் நினைக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்தது, பதினான்கு பேர், பிளாஸ்டிக் பை, நாலு நிமிடப் போட்டோ. இதில் மலை எங்கே இருக்கிறது? மலையைப் பார்க்க உங்களுக்கு நேரமே கொடுக்கப்படவில்லை. கோவில் மூலையில் யாரும் உங்களுக்கு நேரம் குறிக்கவில்லை. பக்கத்தில் நின்று "எப்படி இருக்கு, எப்படி இருக்கு" என்று கேட்கவில்லை. நன்றாக இல்லை என்றால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம். உங்களைப் போன்ற சுபாவக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். அழைத்துப் போகப்படுவதற்கும் தானாகப் போய்ச் சேர்வதற்கும் நடுவில் இரோஹாசாகாவின் 48 வளைவும் இருக்கிறது.

மாறிவிட்டேனா என்று கேட்டீர்கள். எனக்குத் தாவரவியல் பள்ளிக்கூட அளவோடு சரி. ஆனாலும் இது தெரியும். கின்கோ இலையின் மஞ்சள் இலையுதிர்காலத்தில் புதிதாக வருவதில்லை. வசந்தத்திலிருந்தே இலைக்குள் இருக்கிறது. பச்சையம் தூக்கலாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, குளிரில் பச்சையம் சிதைந்ததும் மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படியில்லை. அது அந்தப் பருவத்தில்தான் புதிதாக உற்பத்தியாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர், இரண்டும் சேர்ந்தால் சிவப்பு கூடும். அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் ஒன்றையே பார்த்துக்கொண்டு உட்காரும் திறமை மன்னார்குடித் திண்ணையிலேயே உங்களிடம் இருந்தது. அது உங்கள் மஞ்சள். அந்த "நே" மட்டும் புதுசு. அந்த ஒரு எழுத்தைச் சொன்னவள் துளையில் பார்த்து நிற்பவள்தான், திண்ணைக்காரி இல்லை. எனக்கு அதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய செய்தி. நீங்கள் மரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு அதை நாலு வரியில் முடித்திருக்கிறீர்கள்.

இலை போன பிறகு என்ன ஆகும் என்ற பயத்துக்கு வருவோம். கின்கோ அப்படித்தான், மேப்பிள் மாதிரி வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக உதிர்க்காது. ஒரு குளிர், ஒரு காற்று, ஓரிரு நாளில் மொத்தமும் கீழே. உங்கள் மரம் உங்களை ஏமாற்றவில்லை. நான் சொல்வது, மரத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், மணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்குச் செருப்பு மாட்டுவதை நிறுத்தாதீர்கள். போகத் தோன்றினால் போகலாம் என்று காத்திருந்தால் தோன்றாது. மனசு பெரும்பாலும் காலுக்குப் பின்னால்தான் வரும், முன்னால் வராது. டிசம்பரில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், நீங்கள் கணக்கை மூடும்போது கும்மிருட்டு. சில பேருக்குக் குளிர்காலத்தில் வெளிச்சக் குறைவாலேயே மனசு மந்தமாகும். ஆனால் உங்கள் ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம். ஜப்பானின் மேற்குக் கடற்கரை பனியில் புதைந்திருக்கும்போது டோக்கியோவில் குளிர்காலப் பகல் பளிச்சென்று இருக்கும். காலை வெயில் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கும் மருந்து.

போவதற்கு இடம் வேண்டுமே என்றால், உங்கள் பக்கத்திலேயே கியோசென் பூங்கா இருக்கிறது. அதில் சின்ன மிருகக்காட்சி சாலை, கட்டணம் கிடையாது. ஹெய்செய் தோட்டம் என்று குளத்தோடு ஒரு ஜப்பானியத் தோட்டமும் உண்டு. எலுமிச்சை சாதம் கட்டாமல் போய் வரக்கூடிய தூரம். பிப்ரவரியில் பிளம் பூக்கும். வெறும் குச்சியாக நிற்கும் அந்தக் கின்கோவையும் போய்ப் பாருங்கள், கிளையில் அடுத்த வருடத்து மொட்டு இப்போதே உட்கார்ந்திருக்கும். பெருக்கும் அம்மாளுக்கு இப்போதுதான் வேலை அதிகம். இந்த முறை "கிரேய் தெஸ் நே" என்று நீங்கள் முதலில் சொல்லிப் பாருங்கள். இலை இல்லாத மரத்தைக் காட்டிச் சொன்னால் அவர் சிரிப்பார், பரவாயில்லை.

குப்பை விஷயத்திலும் ஒரு வேலை தருகிறேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் துளையில் பார்க்காமல் கதவைத் திறந்து கீழே போங்கள். யாராவது இருந்தால் "ஒஹாயோ கோசாய்மஸ்", காலை வணக்கம், அதற்கு மேல் ஒன்றும் பேச வேண்டாம். படபடக்கும். படபடப்போடே போய்விட்டு வாருங்கள், அது தானாக அடங்குவதை ஒரு முறை உடம்பு பார்க்க வேண்டும். இதெல்லாம் செய்தும் தூக்கம் கெடுகிறது, பசி இல்லை, எதிலும் ஆசை இல்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எனக்குக் கடிதம் எழுதி உட்கார்ந்திருக்காதீர்கள். டோக்கியோவில் ஆங்கிலத்தில் பேசும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், நேரில் போங்கள்.

இப்போது உங்கள் கணவர்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பங்கு போட்டால் குறைந்துவிடும் என்கிறீர்கள். தனக்கென்று ஒரு இடம் வைத்துக்கொள்வது வேறு, அப்படி ஒரு இடம் இருப்பதையே மறைப்பது வேறு. முதலாவது உங்கள் உரிமை. இரண்டாவதில் எதிரில் இருப்பவர், "என்னிடம் சொல்ல முடியாத அளவுக்கு நான் என்ன செய்தேன்" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். உங்கள் கணவர் இப்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஏழு வருடமாக அவர் கூப்பிட்டது மலையைக் காட்ட என்று நீங்கள் நினைத்தீர்கள். அவர் மலையைச் சாக்காக வைத்து உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். தலைவலி, மாதக் கடைசி கணக்கு என்றெல்லாம் நீங்கள் மறுத்தது அவருக்கு மலையை மறுத்த மாதிரி கேட்டிருக்காது.

அவர் பக்கமும் தவறு இருக்கிறது. வாந்தி எடுக்கும் குழந்தையையும் நாலு மணிக்கு எழுந்த மனைவியையும் பார்த்த பிறகும், அடுத்த வருடம் அதே மாதிரி கூப்பிட்டால் என்ன அர்த்தம்? இவளுக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் நீங்களும் சொல்லவில்லை. தலைவலி என்றுதான் சொன்னீர்கள். தலைவலிக்கு யாராவது மாத்திரை தருவார்கள், பயணத்தை மாற்ற மாட்டார்கள்.

மன்னிப்பு என்று ஆரம்பிக்காதீர்கள், அது பெரிய பஞ்சாயத்தாகப் போய்விடும். ஒரு சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, "நான் அந்த மரத்துக்குப் போறேன், நீங்களும் வாங்க. அரை மணி நேரம். போட்டோ வேண்டாம், டிபன் வேண்டாம், குரூப்புல போட வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். வந்தால் உங்கள் கல்லுக்குப் பக்கத்தில் உட்காரட்டும். அவருக்கு ஐந்தாவது நிமிடமே கால் பரபரக்கும், எழுந்து கோவிலைச் சுற்றுவார், போர்டு படிப்பார். விடுங்கள். உங்களை மாதிரி அவர் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், நிக்கோவில் அவர் செய்ததை நீங்கள் திருப்பிச் செய்கிறீர்கள். அங்கே வைத்து, குப்பைப் பை கதையைச் சொல்லுங்கள். என்னிடம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு எழுதிய கதை, பக்கத்துத் தலையணைக்கு இன்னும் தெரியாது என்பது சரியில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு பயணம் அவரோடு போங்கள். ஒன்று போதும், நாலு வேண்டாம். உங்கள் நிபந்தனைகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மூன்று பேர் மட்டும், வாரநாள், சாப்பாடு கடையில். தாகாவோ மலை 599 மீட்டர்தான், ஷின்ஜுகுவிலிருந்து கெய்யோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம், பாதி மலைக்குக் கேபிள் கார் இருக்கிறது. நவம்பர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கேபிள் காருக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தாலே உங்களுக்குக் காய்ச்சல் ஏறிவிடும், தெர்மாமீட்டரில்.

ஏழு வருடத்தை வீணாக்கிவிட்டேனே என்று கணக்குப் போட வேண்டாம். நாள் முழுக்க கணக்குதானே போடுகிறீர்கள்.

செருப்புக்கு வருகிறேன். கோபமாக இருக்கும் மனிதர், நாறுகிற செருப்பைக் கையில் எடுத்துக் கழுவ மாட்டார், வாசலுக்கு வெளியே தள்ளிவிடுவார். அவர் கழுவியதற்கு நீங்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

அப்புறம், அந்தக் கொட்டைகள். ஜப்பானில் கின்னான் என்று வறுத்துச் சாப்பிடுவார்கள், ருசிதான். பச்சையாக வாயில் போட வேண்டாம். வெளிச் சதை தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக் கழுவுங்கள். வறுத்தாலும் நிறையச் சாப்பிட்டால் வலிப்புவரை போகக்கூடும், குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். மகள் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீங்களும் அவரும் ஆளுக்கு நாலைந்து, அதற்கு மேல் வேண்டாம்.